லாங்ஆர்ம் குவில்ட்டிங் இயந்திரத்தின் இழுவையைக் குறைக்க வீல் மாற்றலாமா, லீனியர் ரெயில் போடலாமா?

கரூர்_குவில்ட்

வணக்கம். கரூரில் ஏற்றுமதி நிறுவனங்களுக்கு மாதிரி குவில்ட்டுகளும் (இடையில் பஞ்சு வைத்துத் தைக்கும் விரிப்புகள்), தனி வாடிக்கையாளர்கள் கேட்கும் வடிவங்களும் தைத்துக் கொடுக்கும் சிறு கூடம் ஒன்றை நடத்தி வருகிறேன். பெரிய கூடங்களில் ஓடும், பல ஊசிகள் கொண்ட மல்டி நீடில் இயந்திரங்கள் ஒரே வடிவத்தை மீட்டர் கணக்கில் தைத்துவிடுவதால், இறகு, சுருள், கொடி என்று கையால் ஓட்டி நிரப்பும் வேலைதான் எங்களைப் போன்றவர்களுக்கு மிஞ்சுகிறது. அதற்காக, மூடப்பட்ட ஒரு கூடத்திலிருந்து பழைய லாங்ஆர்ம் இயந்திரத்தை மேசையோடு வாங்கினேன்.

மேசையின் நீளம் 12 அடி. தைக்கும் பகுதியான ஹெட்டின் எடை 22 கிலோ, அதைச் சுமக்கும் வண்டியின் எடை 10 கிலோ. மேசையின் இரு நீளப் பக்கங்களிலும் அலுமினிய ரெயில்கள் உள்ளன. அவற்றின்மேல் வண்டி இடவலமாக ஓடுகிறது. வண்டியின்மேல் உள்ள இரு குட்டை ரெயில்களில் ஹெட் முன்பின்னாக ஓடுகிறது. வீல்கள் எட்டும் விளிம்பு வைத்த நைலான் வீல்கள். குறுக்களவு 40 மில்லிமீட்டர்.

தையலில் குறை இல்லை, நகர்வில்தான் குறை. இடமிருந்து வலமாக ஓட்டினால் முக்கால் தூரம் வரை ஒழுங்காக வரும் வண்டி, கடைசி மூன்றடியில் இறுகிக்கொள்கிறது. சாய்கோடு ஓட்டினால் படிக்கட்டு போல உடைந்து விழுகிறது. சிறு வட்டங்கள் முன்பின்னாக நீண்டு முட்டை வடிவத்தில் வருகின்றன. நாள் முழுவதும் ஓட்டும் அக்காவுக்கு மாலையில் தோளைத் தூக்க முடிவதில்லை.

கோவையில் லேத் பட்டறையில் சொல்லிப் பேரிங் வைத்த புதிய வீல்களைக் கடைந்து வாங்குவது ஒரு வழி. கணினியால் இயங்கும் சி.என்.சி. இயந்திரங்களில் இருப்பது போன்ற லீனியர் ரெயிலும் அதன்மேல் ஓடும் பிளாக்கும் போடுவது இன்னொரு வழி. ஆனால் செலவு பல மடங்கு. அனுபவம் உள்ளவர்கள் எதைச் செய்வீர்கள்?

கணபதி_லேத்

தம்பி, நீங்கள் சொல்லியிருப்பவை மூன்று தனித்தனிக் குறைகள். அவற்றுக்கு ஒரே மருந்தைத் தேடுகிறீர்கள். எதை வாங்குவது என்பதைப் பிறகு பார்க்கலாம், முதலில் எது எவ்வளவு இழுக்கிறது என்று அளந்து பாருங்கள். பழைய பேப்பர் எடுப்பவர்கள் தொங்கவிட்டு நிறுக்கும் கொக்கித் தராசில், 5 கிலோ வரை நுட்பமாகக் காட்டும் ஒன்று போதும். அதன் கொக்கியை வண்டியில் மாட்டி மெதுவாக இழுத்து, நகரத் தொடங்கும் கணத்தில் எவ்வளவு காட்டுகிறது, நகர்ந்துகொண்டிருக்கும்போது எவ்வளவு காட்டுகிறது என்று இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். மேசையின் பல இடங்களில் இதைச் செய்து, அதன்பின் ஹெட்டைத் தனியாக முன்பின்னாகவும் அளந்து பாருங்கள்.

இரண்டு எண்கள் கேட்பதற்குக் காரணம் உண்டு. இடவலத்தை ஒட்டிச் சற்றே சாய்ந்த கோட்டை ஓட்டும்போது கையின் விசையில் பெரும்பங்கு இடவல நகர்வுக்குப் போய், முன்பின் நகர்வுக்கு மிகச் சிறிய பங்கே கிடைக்கிறது. அந்தச் சிறு பங்கு, நின்றிருக்கும் ஹெட்டை அசைக்கத் தேவையான அளவை எட்டும் வரை ஹெட் அசையாமல் நிற்கும். எட்டியதும் குதிக்கும், குதித்து மறுபடியும் நிற்கும். உங்கள் படிக்கட்டு இதுதான். தொடங்கும் விசைக்கும் ஓடும் விசைக்கும் இடைவெளி கூடக் கூடப் படியின் உயரமும் கூடும். மொத்த இழுவை சற்று அதிகமாக இருந்தாலும் இவ்விரண்டும் நெருங்கி இருந்தால் சாய்கோடு நேராகவே வரும்.

வலது ஓரத்தில் இறுகுவது ரெயில்களின் இடைவெளி மாறுவதால் வருவதாகத் தோன்றுகிறது. இரு ரெயில்களுக்கும் நடுவே உள்ள தூரத்தை இடது ஓரம், நடு, வலது ஓரம் ஆகிய இடங்களில் அளந்து எழுதுங்கள். வட்டத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அதற்கும் வீலுக்கும் பெரிய தொடர்பு இருக்காது.

பொள்ளாச்சி_இறகு

லேத் அண்ணா சொன்ன அளவைத் துணி மாட்டியபடி ஒருமுறையும் துணியைக் கழற்றிவிட்டு ஒருமுறையும் எடுங்கள். வண்டியைக் குறை சொல்லும் பலருடைய மேசைகளில் உண்மையில் இழுத்துக்கொண்டிருப்பது துணிதான்.

துணியை முரசுத் தோல் அளவுக்கு இறுக்கிக் கட்டுவது பரவலான பழக்கம். கீழிருந்து ஒரு விரலால் மேலே தள்ளினால், மேலிருக்கும் கை அந்த விரல் நுனியைத் துணியோடு சேர்த்துப் பிடிக்க முடிய வேண்டும். அந்த அளவுக்குத் தளர்வு தேவை. அதைவிட இறுக்கினால் ஊசி துணிக்குள் இருக்கும் ஒவ்வொரு முறையும் துணி ஊசியைப் பிடித்துக்கொள்ளும், ஊசி வளையும், தையல் தாண்டும். அடுத்ததாக, தைத்த பகுதியைச் சுருட்டும் ரோலரைப் பாருங்கள். குவில்ட் சுருளச் சுருள ரோலர் பருத்து, துணியின் மட்டம் மாறும். துணி ஊசித்தட்டை அழுத்தித் தேய்க்கும் அளவுக்கு இறங்கியிருந்தால் எந்த வீலைப் போட்டும் பயனில்லை. ஊசியோடு மேலும் கீழும் துள்ளும் பாதமான ஹாப்பிங் ஃபுட் கீழ்நிலையில் இருக்கும்போது அதற்கும் ஊசித்தட்டுக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் இடைவெளி வேண்டும். கரூரில் தடித்த இடைப்பஞ்சு வைத்துத் தைக்கிறீர்கள் என்றால் இதைச் சற்றுக் கூட்ட வேண்டியிருக்கும்.

மின்வயரையும் மறக்காதீர்கள். வயர் இடது பக்கச் சுவரிலிருந்து வருகிறதென்றால், வலது ஓரம் போகப் போக அதன் எடை முழுவதையும் வண்டிதான் இழுத்துக்கொண்டு போகிறது.

கரூர்_குவில்ட்

அளந்துவிட்டேன். துணி இல்லாமல் இடவல நகர்வு தொடங்க 700 கிராம், ஓட 450 கிராம். வலது ஓரத்தில் தொடங்கவே 1.6 கிலோ ஆகிறது. ஹெட்டின் முன்பின் நகர்வு தொடங்க 450 கிராம், ஓட 250. துணி மாட்டினால் எல்லாவற்றோடும் 400 கிராம் கூடியது. துணியைத் தளர்த்தி, ரோலரை ஒரு விரற்கடை உயர்த்தியதும் அந்தக் கூடுதல் 150 கிராமாகக் குறைந்துவிட்டது. பொள்ளாச்சி அக்காவுக்கு நன்றி. வயரைக் கூரைக் கம்பியில் கயிறு கட்டி, வளையங்களில் தொங்கவிட்டிருக்கிறேன்.

ரெயில் இடைவெளி வலது ஓரத்தில் 2 மில்லிமீட்டர் அதிகம். இன்னொன்றும் கவனித்தேன். ஓடும்போது "டக் டக்" என்று சிறு தடங்கல் வருகிறது; அது ரெயிலிலா வீலிலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கணபதி_லேத்

40 மில்லிமீட்டர் வீல் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 126 மில்லிமீட்டர் ஓடும். தடங்கல் வரும் இடங்களில் ரெயில் ஓரம் சாக்பீஸால் குறியிடுங்கள். குறிகள் 126 மில்லிமீட்டர் இடைவெளியில் வரிசையாக விழுந்தால் வீலில் குறை. வண்டி எந்தப் பக்கம் போனாலும் குறி ஒரே இடத்தில் விழுந்தால் ரெயிலில் குறை. மூடப்பட்ட கூடத்திலிருந்து வாங்கியது என்கிறீர்கள், பல மாதங்கள் ஒரே இடத்தில் நின்றிருக்கும். அவ்வளவு எடையைத் தாங்கி நின்ற நைலான் வீல் ரெயிலைத் தொட்ட இடத்தில் தட்டையாகிவிடும்; நைலான் காற்றின் ஈரத்தை உறிஞ்சி உப்பவும் செய்யும். எனவே வீலாகத்தான் இருக்கும் என்பது என் கணிப்பு.

2 மில்லிமீட்டர் விவகாரம் அதைவிடப் பெரிது. உங்கள் வீல்களில் இரு பக்கமும் விளிம்பு இருக்கிறது. இரண்டு ரெயில்களும் தத்தம் வழியில் வண்டியைப் பிடித்து வைத்திருப்பதால், இடைவெளி மாறும் இடத்தில் விளிம்பு ரெயிலின் பக்கவாட்டில் உரசிப் பிடிக்கிறது. வண்டிக்கு வழிகாட்ட ஒரு ரெயில் போதும். அந்த ரெயிலில் மட்டும் வி பள்ளம் உள்ள வீல்களைப் போடுங்கள். எதிர் ரெயிலில் விளிம்பும் பள்ளமும் இல்லாத தட்டையான வீல்கள் எடையை மட்டும் தாங்கட்டும். இடைவெளி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மாறினாலும் தட்டை வீல் பக்கவாட்டில் நழுவிக் கொடுத்துவிடும். ஹெட்டின் குட்டை ரெயில்களுக்கும் இதே முறைதான்.

சென்னிமலை_மேசை

வீலைக் கடைவதற்கு முன் மேசையை மட்டம் பார்த்தீர்களா என்று யாரும் கேட்கவில்லையே! நம் பக்கத்து வீடுகளிலும் கூடங்களிலும், கழுவிவிடும் தண்ணீர் ஓடுவதற்காகத் தரையை வாட்டம் விட்டுத்தான் போடுகிறோம். 12 அடி மேசையைத் தரையை நம்பி நிறுத்தினால் ஒரு விரற்கடை இறக்கம் எளிதாக வந்துவிடும். தறி மேடை அமைத்துப் பழகிய எனக்கு இது கண்ணில் படும் முதல் விஷயம்.

இரண்டடி ரசமட்டத்தை மட்டும் நம்ப வேண்டாம். கொத்தனார்கள் வைத்திருக்கும் தண்ணீர் டியூபை நான்கு மூலைகளுக்கும் பிடித்துப் பாருங்கள். டியூபுக்குள் காற்றுக் குமிழி நின்றுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நீளத்தின் நடுவில் மேசை தொய்ந்திருக்கிறதா என்பதைக் காண, ரெயிலின் இரு முனைகளிலும் ஒரே உயரத்தில் இரு கட்டைகளை வைத்து, மெல்லிய நைலான் நூலை இழுத்துக் கட்டி, நூலுக்கும் ரெயிலுக்கும் உள்ள இடைவெளியைப் பார்த்துக்கொண்டே போங்கள். பிறகு மூலைக்கு மூலை குறுக்காக இரு அளவுகள் எடுத்து, இரண்டும் ஒன்றாக வரும் வரை கால்களையும் குறுக்குச் சட்டங்களையும் தளர்த்திச் சரிசெய்யுங்கள். கால்களில் திருகு இருந்தால் நல்லது, இல்லையென்றால் தகடு வைக்கலாம். அட்டையையும் மரச் சில்லையும் வைக்க வேண்டாம், நாளடைவில் நசுங்கிவிடும்.

திருப்பூர்_கட்டிங்

எல்லோரும் சிக்கனத்தை மனத்தில் வைத்துப் பேசுகிறீர்கள். லீனியர் ரெயிலில் பந்துகள் சுற்றிவரும் பிளாக் ஓடுகிறது. அதில் வீல் தட்டையாவது, விளிம்பு உரசுவது, ஆட்டம் கொடுப்பது என்ற பேச்சே இல்லை. வெளிநாட்டு லாங்ஆர்ம் நிறுவனங்களும் இத்தகைய ரெயில் வைத்த மேசைகளை விற்கின்றன. 15 மில்லிமீட்டர் ரெயில் 4 மீட்டர் நீளம் வரை ஒரே துண்டாகக் கிடைப்பதால் 12 அடி மேசைக்கு இணைப்பும் தேவையில்லை. ஒருமுறை செலவு செய்தால் தீர்ந்துவிடும் வேலைக்குத் தகடு வைத்துக்கொண்டு உட்கார வேண்டுமா என்பதுதான் என் கேள்வி.

கணபதி_லேத்

உட்கார வேண்டும், லீனியர் ரெயில் போட்டால் இன்னும் கூடுதல் நேரம் உட்கார வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். வண்டியும் ஹெட்டும் சேர்ந்து 32 கிலோ. சென்னிமலை அண்ணா சொன்ன ஒரு விரற்கடை இறக்கம், மீட்டருக்கு 5 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், வண்டியைத் தாழ்ந்த பக்கம் 160 கிராம் விசையோடு இழுக்கிறது. இன்றைக்கு வண்டி நகரத் தொடங்க 700 கிராம் வேண்டியிருப்பதால் அந்த இறக்கம் வெளியே தெரிவதில்லை. இழுவையை 150 கிராமுக்குக் கீழே கொண்டுவந்துவிட்டால், கையை எடுத்த மறுநொடியே வண்டி தானாக உருண்டு ஓடும். "நல்ல ரெயில் போட்டேன், இயந்திரம் கையில் நிற்கவில்லை" என்று வருகிறவர்களின் மேசைகளில் பெரும்பாலும் மட்டம்தான் குறை. சொரசொரப்பு மறைத்து வைத்திருந்த குறையை வழுவழுப்பு வெளியே கொண்டுவருகிறது, அவ்வளவுதான்.

அடுத்தது, இரண்டு ரெயில்களும் இணையாக இருக்க வேண்டிய துல்லியம். லீனியர் பிளாக் பக்கவாட்டில் கொஞ்சமும் விட்டுக்கொடுக்காது. சி.என்.சி. இயந்திரத்தில் கடைந்து தேய்த்த இரும்புப் படுக்கையின்மேல் அதைப் பொருத்துகிறோம். அலுமினியச் சட்டத்தில் 12 அடிக்கு அந்தத் துல்லியத்தைக் கொண்டுவருவது பெரும்பாடு. கொண்டுவந்தாலும் நிலைக்குமா? 3.6 மீட்டர் அலுமினியம் 15 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 1.2 மில்லிமீட்டர் நீளும், எஃகு ரெயில் 0.65 மில்லிமீட்டர்தான் நீளும். தகரக் கூரைக்குக் கீழே கரூர் வெயிலில் காலைக்கும் பிற்பகலுக்கும் அந்த வேறுபாடு சாதாரணம். இரண்டையும் போல்ட்டால் இறுக்கிக் கட்டினால் சட்டம் வளையப் பார்க்கும், காலையில் வழுக்கிய வண்டி மதியம் இறுகும்.

வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் பிரீலோடு மிகக் குறைந்த ரகத்தைக் கேளுங்கள். சி.என்.சி.க்கு விற்பதில் பந்துகளை உள்ளுக்குள் நெருக்கி வைத்திருப்பார்கள். வெட்டும் விசையைத் தாங்க அது வேண்டும், கையால் ஓட்டுவதற்கு அதுவே சுமை. பிளாக்கின் இரு முனைகளிலும் உள்ள ரப்பர் சீல்களும் உரசும். பிளாக்கை ரெயிலிலிருந்து கழற்றும்போது, உடன் வரும் பிளாஸ்டிக் போலி ரெயிலில் ஏற்றிக் கழற்றுங்கள், இல்லையென்றால் பந்துகள் தரையெங்கும் ஓடும்.

திருப்பூர்_கட்டிங்

வெப்பக் கணக்கு சரி, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் ஹெட் ஓடும் முன்பின் ரெயிலின் நீளம் மூன்றடிதான். அந்த நீளத்துக்கு விரிவு ஒரு பொருட்டில்லை, இரண்டையும் இணையாகப் பொருத்துவதும் எளிது, செலவும் குறைவு. படிக்கட்டு விழுவது முன்பின் நகர்வில்தான் என்று நீங்களே சொன்னீர்கள். அங்கே மட்டும் லீனியர் ரெயில், நீளவாட்டுக்கு வீல் என்று கலந்து செய்தால் என்ன?

கணபதி_லேத்

அதில் எனக்கு மறுப்பில்லை. ஒரு ரெயிலை முதலில் நேராக இறுக்கிவிட்டு, இரண்டாவதின் போல்ட்களைத் தளர்வாக வைத்து, ஹெட்டை முன்னும் பின்னும் ஓட்டிக்கொண்டே ஒவ்வொன்றாக இறுக்கினால் அது தன் இடத்தைத் தானே தேடிக்கொள்ளும். ஆனால் முதலில் வீலை மாற்றிப் பாருங்கள் என்பேன். 250 கிராமில் ஓடும் ஹெட்டுக்கு நல்ல வீலே போதும்.

கரூர்_குவில்ட்

மட்டம் பார்த்தேன். இடது பக்கத்தைவிட வலது பக்கம் 14 மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தது. நடுவில் 3 மில்லிமீட்டர் தொய்வு. இரண்டையும் சரிசெய்து, குறுக்கு அளவும் ஒத்துவந்த பிறகு ரெயில் இடைவெளியின் வேறுபாடு 2 மில்லிமீட்டரிலிருந்து அரை மில்லிமீட்டருக்கு வந்துவிட்டது. வலது ஓர இறுக்கம் பாதிக்கும் மேல் போய்விட்டது. இதுவரை தகட்டுக்கும் நூலுக்கும் தவிர வேறு செலவில்லை.

சாக்பீஸ் குறிகள் 126 மில்லிமீட்டர் இடைவெளியிலேயே விழுந்தன. வீல்தான். எந்தப் பொருளில், எந்த அளவில் கடையச் சொல்லட்டும்?

கணபதி_லேத்

ரெயில் அலுமினியம் என்பதால் இரும்பு வீல் வேண்டாம். சிறு வீலின்கீழ் அலுமினியத்தில் தடம் விழுந்துவிடும். இரும்பு வீல்தான் வேண்டுமென்றால் ரெயிலில் கடினப்படுத்திய எஃகு ராடு பதிக்க வேண்டியிருக்கும். உங்களுக்கு டெல்ரின் என்ற பிளாஸ்டிக் போதும். நைலானைவிட விறைப்பாக இருக்கும், ஈரத்தையும் அவ்வளவாக உறிஞ்சாது.

பேரிங் 608 எண்; உள்துளை 8, வெளிவட்டம் 22, அகலம் 7 மில்லிமீட்டர். ஒவ்வொரு வீலிலும் இரண்டைப் பக்கத்தில் பக்கம் வையுங்கள், வீல் ஆடாது. தகர மூடி உள்ள இசட்இசட் வகையை வாங்குங்கள். ரப்பர் சீல் உள்ளது தூசியை நன்றாகத் தடுக்கும் என்றாலும், இவ்வளவு குறைந்த விசையில் ஓடும் வண்டிக்கு அந்த ரப்பரின் உரசலே தராசில் தெரியும். பேரிங்கின் ஏபெக் எண் பெரிதாக இருந்தால் வழுக்கும் என்று சொல்லி விற்பார்கள். அந்த எண் அளவுத் துல்லியத்தைத்தான் குறிக்கிறது, இழுவையைக் குறிப்பதில்லை.

கடைபவரிடம் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லுங்கள்: பேரிங் உட்காரும் துளையையும் வெளிவட்டத்தையும் லேத்தின் பிடியான சக்கிலிருந்து கழற்றாமல் ஒரே பிடியில் முடிக்க வேண்டும். கழற்றித் திருப்பி மாட்டினால் மையம் விலகும். மையம் விலகிய வீல் புதிதாக இருந்தாலும் பழைய "டக் டக்" திரும்ப வரும். குறுக்களவை 60 ஆகக் கூட்டினால் உருளும் இழுவை இன்னும் குறையும். வண்டியின் உயரம் 10 மில்லிமீட்டர் ஏறும் என்பதையும் சேர்த்து யோசித்து முடிவெடுங்கள்.

பொருத்திய பிறகு நான்கு வீல்களையும் ஒவ்வொன்றாக விரலால் சுழற்றிப் பாருங்கள். தடையில்லாமல் ஒன்று சுற்றினால் அது எடையைத் தாங்கவில்லை, வண்டி மூன்று வீல்களில் நிற்கிறது. அதற்காக ஒரு வீலின் அச்சில் மட்டும் துளை மையம் விலகிய எக்சென்ட்ரிக் புஷ் வையுங்கள்; அதைத் திருப்பினால் வீல் ஒரு மயிரிழை இறங்கி ரெயிலைத் தொடும்.

பொள்ளாச்சி_இறகு

உயரம் கூட்டுவதில் எனக்குத் தயக்கம் உண்டு. வண்டி 10 மில்லிமீட்டர் ஏறினால் ஊசித்தட்டும் ஏறும், ரோலர்களையும் அதே அளவு ஏற்ற வேண்டும். அதைவிட முக்கியம், நகர்வை அளக்கும் என்கோடர். பல இயந்திரங்களில், தையல் நீளத்தைச் சீராக வைக்கும் ஸ்டிச் ரெகுலேட்டரின் என்கோடர் வீல் ஒரு சிறு ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் ரெயிலைத் தொட்டு உருள்கிறது. வண்டி ஏறிவிட்டால் அது அந்தரத்தில் தொங்கும் அல்லது அரைகுறையாகத் தொடும். நகர்வை இயந்திரம் குறைவாக அறிவதால் தையல் நீண்டுவிடும். வேறு சிலவற்றில் என்கோடர் ஓடும் வீலின் அச்சிலேயே இருக்கும். அங்கே வீல் பெரிதானால் தையல் நீளமும் அதே விகிதத்தில் பெரிதாகும்.

பஞ்சுத் தூசியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வீல் ஓடும் ரெயிலுக்கு எண்ணெய் வேண்டாம். வழுக்கட்டும் என்று எண்ணெய் தடவினால் நம் ஊர்க் காற்றில் பறக்கும் பஞ்சு முழுவதும் அதில் வந்து படிந்து, வீல் உருட்டி உருட்டி அழுக்குத் திட்டாக்கிவிடும். வேலை தொடங்கும் முன் ஐசோபுரொபைல் ஆல்கஹால் நனைத்த துணியால் ரெயிலையும் வீலையும் துடைத்தால் போதும். லீனியர் ரெயில் போட்டவர்களுக்கு இது பொருந்தாது. பந்துகளுக்கு மெல்லிய எண்ணெய்ப் பூச்சு வேண்டும்.

கரூர்_குவில்ட்

60 வேண்டாம் என்று 48 மில்லிமீட்டரில் எட்டு வீல்களும் கடைந்து வாங்கிவிட்டேன்: நான்கு வி பள்ளத்தோடு, நான்கு தட்டையாக. வண்டியில் ஓர் அச்சுக்கும் ஹெட்டில் ஓர் அச்சுக்கும் எக்சென்ட்ரிக் புஷ். இப்போது துணி இல்லாமல் இடவல நகர்வு தொடங்க 300 கிராம், ஓட 240. ஓரத்திலும் நடுவிலும் ஒரே அளவு. முன்பின் தொடங்க 200, ஓட 160. சாய்கோட்டில் படி விழுவதில்லை. திருப்பூர் அண்ணா மன்னிக்க வேண்டும், லீனியர் ரெயிலை இப்போதைக்கு ஒத்திவைத்துவிட்டேன்.

ஆனால் வட்டம் இன்னும் முட்டையாகத்தான் வருகிறது. முன்பைவிடச் சற்று மேல், அவ்வளவுதான்.

கணபதி_லேத்

இதைத்தான் பிறகு சொல்கிறேன் என்றேன். அவிநாசித் தேரை நிலையிலிருந்து கிளப்புவது ஒரு வேலை, ஓடும் தேரை முட்டுக்கட்டை போட்டு வீதி முனையில் திருப்புவது வேறொரு வேலை. சக்கரத்துக்கு எண்ணெய் போட்டால் முதலாவது எளிதாகும், இரண்டாவது ஆகாது. உங்கள் வட்டம் இரண்டாவது வேலை.

4 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள வட்டத்தை நொடிக்கு 10 சென்டிமீட்டர் வேகத்தில் ஓட்டினால், திசையை மாற்றிக்கொண்டே இருப்பதற்கு மட்டும் முன்பின்னாக 22 கிலோ ஹெட்டுக்கு 1.1 கிலோ விசை வேண்டும். இடவலமாகவோ ஹெட்டோடு வண்டியும் சேர்ந்து நகர்வதால் 32 கிலோவுக்கு 1.6 கிலோ விசை வேண்டும். வீல் மாற்றி நீங்கள் ஓடும் விசையில் மிச்சப்படுத்தியது 200 கிராம் அளவுதான். கை இரு திசைக்கும் ஒரே விசையைக் கொடுக்கப் பழகியிருப்பதால் எடை குறைந்த முன்பின் திசையில் இயந்திரம் அதிகம் ஓடிவிடுகிறது. வட்டம் அந்தப் பக்கம் நீள்கிறது.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. வண்டியின் எடையைக் குறைப்பது ஒன்று. பழைய வண்டிகளில் தேவைக்கு மேல் தடித்த இரும்புத் தகடு இருக்கும். அலுமினியத்தில் மாற்றி 10 கிலோவை 6 ஆக்கினால் இடவல விசை 1.6 கிலோவிலிருந்து 1.4 ஆகும். செலவுக்கு அது பெரிய பலன் இல்லை. மற்றொன்று வேகம். வேகத்தைப் பாதியாக்கினால் திருப்பும் விசை கால்பங்காகக் குறையும்: 1.6 கிலோ 400 கிராம் ஆகிவிடும். சிறு வட்டங்களை மட்டும் மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள்.

பொள்ளாச்சி_இறகு

லேத் அண்ணா எண்ணில் சொன்னதைத்தான் எங்கள் கை பழக்கத்தில் கற்றுக்கொள்கிறது. அந்த அக்காவிடம் சொல்லுங்கள்: கைப்பிடியை இறுக்கிப் பிடிக்க வேண்டாம், முழங்கைகளை உடலை ஒட்டி வைத்துக்கொண்டு இடவலத்துக்கு உடம்பையே சாய்க்கட்டும், முன்பின்னுக்கு மட்டும் முன்கையைப் பயன்படுத்தட்டும். எடை கூடிய திசைக்குப் பெரிய தசைகளும் குறைந்த திசைக்குச் சிறியவையும் வேலை செய்தால் வட்டம் தானாக உருண்டையாகும், தோள் வலியும் குறையும். மேசையின் உயரத்தையும் பாருங்கள். கைப்பிடி முழங்கை மட்டத்துக்கு மேலே இருந்தால் தோள் நாள் முழுதும் தூக்கியபடியே நிற்கும்.

கரூர்_குவில்ட்

மேசை முழங்கைக்கு நான்கு விரற்கடை மேலே இருந்தது. கால் திருகுகளில் இறக்கி, மறுபடி மட்டம் பார்த்துவிட்டேன். அக்கா மெதுவாக ஓட்டிய வட்டங்கள் ஏறக்குறைய வட்டங்களாகவே வருகின்றன. கடைசியாக ஓர் ஐயம்: அங்குலத்துக்கு 10 தையல் என்று வைத்தால் இடவலமாக 9 விழுகிறது, முன்பின்னாக 10 சரியாக விழுகிறது. வீல் மாற்றும் முன் இரண்டும் 10 இருந்தன.

பொள்ளாச்சி_இறகு

வண்டி 4 மில்லிமீட்டர் ஏறியிருக்கிறதல்லவா? இடவல என்கோடர் ரெயிலைச் சரியாக அழுத்தவில்லை, ஓடும்போது நழுவுகிறது. அதன் தாங்கியைத் தளர்த்தி 4 மில்லிமீட்டர் இறக்குங்கள், ரப்பர் வளையத்தை ஆல்கஹாலால் துடையுங்கள். பிறகு வேண்டாத துணியில் ஒவ்வொரு திசையிலும் 10 அங்குலம் தைத்து எண்ணுங்கள். இரண்டிலும் 100 வர வேண்டும். மெதுவாக ஓட்டினால் 100, வேகமாக ஓட்டினால் குறைவு என்று வந்தால் இன்னும் நழுவுகிறது, ஸ்பிரிங்கை மாற்றுங்கள். எந்த வேகத்திலும் ஒரே எண்ணிக்கையில் குறைந்தால் நழுவல் இல்லை. அப்படியானால் உங்கள் என்கோடர் ஓடும் வீலோடு சேர்ந்து சுழலும் வகை, 48 மில்லிமீட்டருக்கு ஏற்ப ரெகுலேட்டரின் அமைப்பில் அளவை மாற்ற வேண்டும்.

கரூர்_குவில்ட்

தாங்கியை இறக்கியதும் இரண்டு திசையிலும், இரண்டு வேகத்திலும் 100 வந்துவிட்டது. திருப்பூர் அண்ணா, முன்பின் ரெயிலுக்கு விலை விசாரித்து வைத்திருந்தால் தனிச்செய்தியில் அனுப்புங்கள். இந்த ஏற்றுமதிப் பருவம் முடிந்ததும் பார்க்கலாம்.